கடையில் இல்லாத பாகங்கள்: 1/24 ஜீப் ஒன்றைக் கட்டிய பதிவு

வில்லிஸ் ஜீப்பின் பிளாஸ்டிக் மாதிரியை 1/35 அளவில், அதாவது உண்மை வண்டியில் 35இல் ஒரு பங்காக, கட்டுகிறவருக்குக் கடைச் சரக்கில் குறையே இருக்காது. கிட் என்பது நாமே ஒட்டிக் கட்டுகிற பாகங்கள் அடங்கிய பெட்டி. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1997இல் கொண்டுவந்த வில்லிஸ் எம்.பி. ஜீப் கிட்டுக்கென்றே செக் நாட்டு எட்வார்டும் போலந்தின் அபேரும் போட்டோ எட்ச் தகடு, அதாவது மருந்தால் அரித்து எடுத்த மெல்லிய உலோகப் பாகங்கள், போட்டிருக்கிறார்கள். ரெசினில் வார்த்த சக்கரம், மூட்டை முடிச்சு, டீகால் (நனைத்து ஒட்டுகிற எழுத்து, சின்னம்) என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். நான் அதே ஜீப்பை 1/24 அளவில் எடுத்தேன். தேடிய இடத்திலெல்லாம் ஒரு பெடல்கூடக் கிடைக்கவில்லை.

இது யாருக்கும் தெரியாத வண்டி இல்லை. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டி. போர் முடிந்ததும் டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்துவிட்ட சாமான் விற்பனையில், ஏலம் போய், நம் ஊர் எஸ்டேட்டுகள் வரை வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஓர் அளவில் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன, இன்னோர் அளவில் ஒன்றுமே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டேதான் இந்த வேலையைச் செய்தேன். அதனால் இந்தப் பதிவில் இரண்டும் கலந்தே வரும்.

மதுரையில் கிட் கட்டுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில் வரும். கிட் மோசமாக இருக்கும், அதனால்தான் எவரும் சீண்டவில்லை என்பார் ஒருவர். கிட் ரொம்ப நன்றாக இருக்கும், மேலே சேர்க்க ஒன்றுமில்லை என்பார் இன்னொருவர். இரண்டும் சில கிட்டுகளுக்குப் பொருந்தும். மூக்கின் வளைவே பிசகிய விமானத்துக்கு அழகான காக்பிட் செய்து விற்க யாரும் முதல் போட மாட்டார்கள். வாங்கினவரே அதைப் பரணில் ஏற்றியிருப்பார். ஆனால் டாமியாவின் 1/32 ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைப் பாருங்கள். 2009இல் வந்த அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டோ எட்ச் உண்டு, முழு இன்ஜினும் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். அதற்கும் வெளியார் பாகங்கள் வரிசையாக வந்தன. ஆகவே தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது.

எனக்குப் புரிந்தவரை, பாகம் செய்கிறவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அந்த கிட்டைச் சுற்றி நிற்கிற ஆட்களைத்தான். 1/35 என்பது ராணுவ வண்டி கட்டுகிறவர்களின் அளவு. அது யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட அளவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் டாமியா தன் பேந்தர் டாங்கியை வடிவமைத்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலைப் பண்ணினார்கள். அது ஏறக்குறைய 1/35 ஆக வந்தது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு டாங்கி, லாரி, பீரங்கி, சிப்பாய் பொம்மை எல்லாம் அந்த அளவில்தான் சேர்ந்து நிற்கும். 1/24 வேறு உலகம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய கணக்கில் வருவது. அங்கே இருப்பவர்கள் கார்க்காரர்கள். பந்தயக் காருக்கு சீட் பெல்ட், கார்பன் ஃபைபர் டீகால், பளபளக்கும் சக்கரம், பிரேக் டிஸ்க் என்று அவர்களுக்கும் சரக்கு நிறையவே வருகிறது. அந்தக் கார்க்காரர் போர்க்கால ஜீப்பை வாங்க மாட்டார். ராணுவ வண்டிக்காரர் 1/24 பெட்டியைத் தொட மாட்டார், ஏனென்றால் அவருடைய டாங்கிக்கும் சிப்பாய்க்கும் பக்கத்தில் அது பூதம் மாதிரி நிற்கும். என்னுடைய ஜீப் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி.

பாகம் செய்கிறவரின் செலவையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு போட்டோ எட்ச் செட் போட வேண்டுமென்றால், கிட்டை வாங்கி அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். உண்மை வண்டியின் படங்களைத் தேட வேண்டும். கணினியில் வரைந்து, ஃபிலிம் எடுத்து, மாதிரித் தகடு அரித்து, அதை கிட்டில் ஒட்டிப் பார்த்து, சரிசெய்து, விளக்கத் தாள் எழுத வேண்டும். இத்தனையும் முதல் செட் விற்பதற்கு முன்பே ஆகிற செலவு. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: நூறு பேர் கிட் வாங்கினால் பாதிப் பேர் கட்டவே மாட்டார்கள், அலமாரியில்தான் இருக்கும். கட்டுகிற பாதியில் பெரும்பாலோர் பெட்டியில் வந்ததோடு திருப்தி அடைவார்கள். கூடுதல் பாகத்துக்குக் காசு தருகிறவர் நாலைந்து பேர் தேறினால் அதிகம். அந்த நாலைந்து பேரும் மூன்று நிறுவனங்களுக்குப் பிரிவார்கள். கிட் பல்லாயிரக்கணக்கில் விற்றால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.

ரெசினில் இன்னொரு சங்கடம். சிலிகான் ரப்பர் அச்சு நிரந்தரமானதில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் ரெசினின் சூடும் ரசாயனமும் ரப்பரைத் தின்றுகொண்டே வரும். சில டஜன் வார்த்ததும் நுணுக்கமான இடங்கள் கிழிய ஆரம்பிக்கும், பிறகு புது அச்சு போட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாகங்கள் வண்டிக்குச் செய்யப்படுபவை இல்லை, குறிப்பிட்ட கிட்டுக்குச் செய்யப்படுபவை. டாமியாவுக்குப் போட்ட டேஷ்போர்டு இன்னொரு கம்பெனியின் 1/35 ஜீப்பில்கூட ஒழுங்காக உட்காராது. அகலத்தில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், தகடு வளைந்துவிடும். அதனால் ஒவ்வொரு புது கிட்டுக்கும் முதலிலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். அதையும் புது கிட்டைப் பற்றிய பேச்சு சூடாக இருக்கிற சில மாதங்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். அந்தக் காலம் தாண்டிப்போன கிட்டுக்கு யாரும் திரும்பி வருவது அபூர்வம்.

நம் நாட்டு விமானங்களிலேயே இதைப் பார்க்கலாம். மிக்-21க்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், எத்தனையோ நாடுகள் அதைப் பறக்கவிட்டன. அதற்கு எத்தனை காக்பிட், எத்தனை எக்ஸாஸ்ட், எத்தனை டீகால்! ஜெர்மன் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961இல் முதலில் பறந்த நம்முடைய மாருத் போர் விமானம் மொத்தமே 147தான் செய்யப்பட்டது, வேறு எந்த நாட்டு விமானப்படையும் அதை வாங்கிப் பறக்கவில்லை. அதை விரும்புகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் நாம்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

ராணுவ ஜீப்பாக இதைக் கட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. போடியிலிருந்து போடிமெட்டு ஏறுகிற ஏலக்காய் எஸ்டேட் ஜீப்பாகக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. விடியற்காலையில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் இறங்குகிற ஜீப்புகளைத் தேனிப் பக்கம் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இப்போது ஓடுபவை பின்னால் வந்த மகிந்திரா வண்டிகள். ஆனால் போடியில் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அவருடைய அப்பா காலத்து டிஸ்போசல் வில்லிஸ் இன்னும் நிற்கிறது. தட்டையான பானெட், ஒன்பது துளை கிரில், இடதுபக்க ஸ்டியரிங். பின்பக்கம் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். டேப்பும் வெர்னியரும் (நுட்பமாக அளக்கிற கருவி) எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்க அளந்தேன்.

நேரில் அளப்பதில் உள்ள லாபத்தைப் படம் தராது. பெரியவர் முன்விளக்கைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இந்த நட்டைத் தளர்த்திட்டு லைட்டைப் பின்னாடி திருப்புங்க. இன்ஜினுக்குள்ள வெளிச்சம் அடிக்கும். மலையில ராத்திரி வண்டி நின்னுபோனா இதுதான் எங்களுக்கு டார்ச்" என்றார். முன்விளக்கு கீலில் மாட்டியிருக்கிறது, ஒரு பட்டாம்பூச்சி நட்டால் பூட்டியிருக்கிறது. கிட்டில் அது கிரிலோடு ஒட்டுகிற வெறும் கிண்ணம். பிறகு ஓட்டுநர் சீட்டின் மெத்தையைத் தூக்கிக் காட்டினார். பெட்ரோல் டேங்க் அதற்கு அடியில்தான். ஊற்றுகிற மூடியும் அங்கேயேதான். கிட்டில் சீட் ஒரே கட்டி. செய்ய வேண்டியவற்றின் பட்டியல் அந்தக் கொட்டகையிலேயே தயாராகிவிட்டது: விளக்கின் கீல், திறந்த சீட்டும் டேங்க் மூடியும், டேஷ்போர்டின் ஐந்து மீட்டர்கள், பெடல்கள், பானெட் கொக்கிகள், இன்ஜின் வயர்கள், டயர், பின்பக்கப் பெஞ்சு, பைப் சட்டம், ஹூட் துணி.

1/24இல் ஒரு வசதி உண்டு, கணக்கு சுலபம். உண்மை வண்டியில் ஓர் அங்குலம் இங்கே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 80 அங்குல வீல்பேஸ் 84.7 மி.மீ. ஆக வர வேண்டும். என் கிட்டில் அது சரியாகவே வந்தது. உடல் சரியாக இருக்கிற கிட்டில்தான் நுணுக்கத்துக்கு உழைக்கலாம் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

தகட்டு வேலையை வீட்டிலேயே அரித்து எடுத்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து வரவழைக்க வழியே இல்லாத பாகங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 0.1 மி.மீ. பித்தளைத் தகடு வேண்டும். லேத் பட்டறைக்காரர்கள் இடைவெளி அடைக்கப் போடுகிற ஷிம் தகடு அதேதான். மெஷின் சாமான் கடையில் கனம் சொல்லிக் கேட்டால் வெட்டித் தருவார்கள். அரிக்கிற மருந்து ஃபெர்ரிக் குளோரைடு. கல்லூரிப் பிள்ளைகள் சர்க்யூட் போர்டு செய்ய வாங்குவதால், டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

வரைபடத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, வழவழப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் உதவாது, ஒட்டப் போவது டோனர்தான். தகட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அதற்குப் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளைக் கவிழ்த்து வைத்து நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியை நன்றாக அழுத்தினால் டோனர் உருகித் தகட்டில் ஒட்டும். தண்ணீரில் ஊறவைத்து, தாளை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்துவிடலாம். தகட்டின் பின்புறத்தை பேக்கிங் டேப்பால் மூட வேண்டும்.

பிளாஸ்டிக் தட்டில் மருந்தை ஊற்றி, தட்டை வெந்நீரில் மிதக்கவைத்து ஆட்டிக்கொண்டே இருந்தால் அரிப்பு சீராக நடக்கும். ஏப்ரல், மே வெயிலில் வெந்நீர்கூடத் தேவைப்படாது, மொட்டைமாடியில் வைத்தாலே போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மருந்து கீழ்நோக்கித் தின்பதுபோலவே பக்கவாட்டிலும் தின்னும், ஏறக்குறைய தகட்டின் கனம் அளவுக்கு. 0.3 மி.மீ. பட்டை வேண்டுமென்றால் நான் 0.5 என்று வரைந்தேன், இருபுறமும் தின்றதுபோக வேண்டியது மிஞ்சும். பாகங்களைத் தனித்தனியாக வரையாமல் ஒரு சட்டத்தில் சின்னச் சின்னப் பாலங்களால் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் அறுபட்டதும் மருந்துக்குள் மூழ்கித் தொலைந்துபோகும்.

மீந்த மருந்தைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். அதில் இப்போது செம்பும் துத்தநாகமும் கரைந்திருக்கிறது, எவர்சில்வர் தொட்டியையும் அது அரித்துவிடும். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து வண்டலாகப் படியும். வண்டலைக் காயவைத்துத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துவது நல்லது. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம் வேண்டும்.

இப்படிப் பெடல்கள், பானெட் கொக்கிகள், விளக்குக் கீல், பட்டாம்பூச்சி நட்டின் இரண்டு இறக்கைகள், மீட்டர் வளையங்கள் எல்லாம் ஒரே தகட்டில் வந்தன. விளக்கு இப்போது மெய்யாகவே திரும்புகிறது. கீலின் அச்சாக 0.3 மி.மீ. கம்பி ஓடுகிறது.

டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் ஒன்று, சின்ன மீட்டர்கள் நாலு: பெட்ரோல், ஆயில் அழுத்தம், சூடு, ஆம்பியர். பெரியவர் ஜீப்பில் எடுத்த படத்தையே சின்னதாக்கி ஃபோட்டோ தாளில் அச்சடித்தேன். சின்ன மீட்டர் 1/24இல் ஏறக்குறைய 2 மி.மீ. வருகிறது. பெல்ட் கடைக்காரர் ஓட்டை போடுகிற சுழலும் தோல் பஞ்சில் மிகச் சின்ன முனை அதே 2 மி.மீ.தான். அதை அடித்து எடுத்து, மேலே வளையம் ஒட்டி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டால் கண்ணாடி வந்துவிடும். முன்விளக்குக் கண்ணாடிக்கு, ரவிக்கையில் பதிக்கிற வெட்டில்லாத கண்ணாடிக்கல்லைப் புது மண்டபம் பக்கத்து ஃபேன்சி பொருள் கடைகளில் அளவு பார்த்து எடுத்தேன். பின்னால் வெள்ளிப் பூச்சுள்ளதை எடுக்கக் கூடாது, அந்த மினுக்கு விளக்கு மாதிரி இருக்காது.

இன்ஜின் வயருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடையை விட்டால் வேறு இடமே வேண்டாம். அவர்கள் கம்பியை கேஜ் கணக்கில் வைத்திருப்பதால் அளவு துல்லியமாகத் தெரியும். ஸ்பார்க் பிளக் வயர் 7 மி.மீ. என்றால் 24ஆல் வகுத்தால் 0.29. 30 கேஜ் செம்புக் கம்பி 0.315 மி.மீ. இருக்கும், அது போதும். பிரேக் குழாய் கால் அங்குலம், அதற்கு 32 கேஜ், 0.27 மி.மீ. இந்தப் பழைய நாலு சிலிண்டர் இன்ஜினில் வால்வுகள் பக்கவாட்டில், பிளாக்குக்குள் இருப்பதால் தலை தட்டையாக இருக்கும், பிளக்குகள் மேலேயிருந்து நேராக இறங்கும். பின்னாளில் மகிந்திராவும் இங்கே செய்த சி.ஜே.-3பி ஜீப்பில் வந்த இன்ஜினில் ஒரு வரிசை வால்வு தலைக்கு ஏறியதால்தான் அந்த வண்டியின் பானெட் உயரமானது. படம் தேடும்போது இந்த இரண்டையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் மகிந்திரா இன்ஜின் படம்தான் அதிகம் வரும்.

பைப் சட்டத்துக்கும் பெஞ்சுக் கால்களுக்கும் 1 மி.மீ. பித்தளைக் கம்பி. ஓர் அங்குலப் பைப்புக்கு அது சரியான அளவு. தெற்கு ஆவணி மூல வீதிச் சந்து ஒன்றில் வேலை செய்கிற பத்தர், கம்பியைத் துளைத் தகட்டில் இழுத்து வேண்டிய கனத்துக்கு மெலிதாக்கித் தந்தார். நேராக இழுத்த கம்பிக்கும் கடையில் சுருளாக வாங்கி நாம் நிமிர்த்துகிற கம்பிக்கும் ஒட்டவைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வளைவுகளை ஒரே மாதிரி எடுக்க மரத்தில் ஆணி அடித்து அச்சு பண்ணிக்கொண்டேன். மூலைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சட்டத்தைத் தூக்கிப் பிடித்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்ததால் ஃபெவிக்விக்கை அங்கே நம்பவில்லை.

டயர்தான் பெரிய பாடு. கிட்டில் வந்தது போர்க்கால டயர். பெரியவர் வண்டியில் இருப்பது மலைச்சேற்றுக்கான கட்டைப் பல் டயர். இதை வரைந்து 3டி பிரிண்ட் எடுப்பதுதான் வழி. பல் செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், வேலை இல்லாத நேரத்தில் அங்கிருந்த ரெசின் பிரிண்டரில் ஐந்து சக்கரம் எடுத்துக் கொடுத்தார். அடுக்கின் கனம் 0.05 மி.மீ. வைத்தோம். உண்மை வண்டியில் அது 1.2 மி.மீ. வரிக்குச் சமம், பிரைமர் போட்டதும் மறைந்துவிடும். சக்கரத்தைப் படுக்கவைத்தால் பக்கச் சுவரில் வட்டப் படிகள் தெரியும். நிமிர்த்தி வைத்தால், அச்சாகும்போது பாகத்தைத் தாங்கிப் பிடிக்கிற தாங்குகால்கள் பல்லில் முளைக்கும். சாய்த்து வைத்து, தாங்குகால்கள் எல்லாம் தரையில் படுகிற பக்கம் வருமாறு பார்த்துக்கொண்டதும் சுத்தமாக வந்தது.

பாகமே இல்லாத கிட்டுகளுக்கு இந்த பிரிண்டர்தான் கதவைத் திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அச்சும் வேண்டாம், ஃபிலிமும் வேண்டாம். ஒன்று வேண்டுமென்றால் ஒன்று எடுக்கலாம். நான் மேலே போட்ட நூறு பேர் கணக்கில் நாலு பேர்தான் தேறினாலும் நஷ்டம் இல்லை. ஆனால் அளக்கிற வேலையும் வரைகிற வேலையும் அப்படியேதான் இருக்கின்றன. யாராவது ஒருவர் போடியில் கொட்டகைக்குள் டேப்போடு உட்கார வேண்டும். ராணுவ ஜீப்புக்கு அருங்காட்சியகங்கள், கையேடுகள், புத்தகம் புத்தகமாகப் படங்கள் இருக்கின்றன. எஸ்டேட் ஜீப்பின் பெஞ்சுக்கும் பைப் சட்டத்துக்கும் எந்தக் கையேடும் கிடையாது, ஊருக்கு ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் தன் போக்கில் செய்தது. வெளிநாட்டில் இருக்கிற பாகக்காரர் ஆசைப்பட்டாலும் இதைச் செய்ய முடியாது. நம் ஊர் வண்டிகளுக்கு நாம் அளந்தால்தான் உண்டு, அதுவும் வண்டிகள் பழைய இரும்புக்குப் போவதற்கு முன்னால்.

சீட்டு மெத்தை, ஏலக்காய் மூட்டைகள் எல்லாம் எம்-சீல். பிசைந்து, உருட்டி, இறுகுகிற சமயத்தில் ஈரத் துணியை அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதியும். ஹூட் துணிக்கு முதலில் தோன்றுவது மருத்துவக் கட்டுத்துணி. அதை வைத்துப் பார்த்தாலே தெரியும், நெசவின் கண்கள் 1/24இல் மீன் வலை போல் விழும். டிஷ்யூ தாளைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்துச் சட்டத்தின் மேல் போர்த்தினால் கேன்வாஸின் தொய்வு சரியாக வருகிறது. காய்ந்ததும் இன்னோர் அடுக்கு. தையல் கோடுகளுக்கு மெல்லிய தாள் பட்டை.

பெயிண்ட் டிங்கரிங் கடையில் கலந்தது. பெரியவர் வண்டியின் கரும்பச்சையிலிருந்து உதிர்ந்த ஒரு செதிலைக் காட்டி அதே நிறம் கேட்டேன். வாங்கி வந்த பிறகு வெள்ளை கொஞ்சம் சேர்த்தேன், ஏனென்றால் பெரிய வண்டியின் நிறத்தை அப்படியே சின்ன வண்டிக்கு அடித்தால் கறுப்பாகத் தெரியும். கார் பெயிண்டின் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அதனால் பிரைமர் முழுக்கக் காய்ந்த பிறகு, ஏர்பிரஷ்ஷில் தூசு மாதிரி மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும்.

பின்பக்க எழுத்துகள் 2 மி.மீ. உயரம்தான் வருகின்றன. ஸ்டிக்கர் கடை மெஷினால் அவ்வளவு சின்னதாக வெட்ட முடியாது, லேசர் பிரிண்டரால் வெள்ளை நிறம் அச்சடிக்க முடியாது. வெள்ளை டீகால் தாளில் பின்னணியைக் கரும்பச்சையாக அச்சடித்து, எழுத்தை வெற்றிடமாக விட்டால் வெள்ளை எழுத்து கிடைக்கும். ஓரத்தில் பச்சையும் பச்சையும் சேருகிற இடத்தை பிரஷ்ஷால் மறைத்துவிடலாம். நம்பர் பிளேட்டுக்கும் இதே வழிதான்.

தகட்டின் வரைபடம், டயர், சீட்டுச் சட்டம், டேங்க் மூடி எல்லாவற்றின் கோப்புகளையும் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன், காசு வேண்டாம். 1/24 வில்லிஸ் கிட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் போட்டிருப்பதால், அச்சடிக்கும் முன் உங்கள் கிட்டில் மூன்று இடங்களை வெர்னியரில் அளந்து அனுப்புங்கள்: டேஷ்போர்டின் உள் அகலம், கிரிலில் விளக்குத் துளையின் விட்டம், சக்கர அச்சின் கனம். இந்த மூன்றும் என் கிட்டோடு ஒத்துப்போனால் அப்படியே பொருந்தும், மாறினால் அதற்கேற்பத் திருத்தித் தருகிறேன். மகிந்திரா சி.ஜே.-3பி வண்டி அளக்கக் கிடைக்கிற இடம் உசிலம்பட்டி, கம்பம் பக்கம் யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். உயர்ந்த பானெட்டும் அதற்கான கிரிலும் வரைந்துவிட்டால் இதே கிட்டில் அந்த வண்டியையும் கட்டலாம்.